இராமையாவின் கிணற்றில் வந்த உரோமக் காசுகள்

போன மாதம் ஒரு காலைப்பொழுதில் தர்சினி என் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். வவுனியாவில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த தொல்பொருள் அலுவலகத்தில், என் மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். படத்தில் சுண்டுவிரல் நகமளவு செப்புக் காசு ஒன்று. கீழே இப்படி எழுதியிருந்தாள்: "மிஸ், இதைப் போனிலை ஒரு செயலிக்குக் காட்டினனான். உரோமக் காசு எண்டும், எந்த நகரத்திலை அடிச்சது எண்டும் உடனை சொல்லிப்போட்டுது. நீங்கள் முந்தி இதுக்கு எவ்வளவு நேரம் எடுப்பியள்?"

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். காசின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, மூன்று எழுத்துகள். அது காசு அடித்த நகரத்தின் பெயர்ச் சுருக்கம். முதல் எழுத்து 'ஏ' என்பது தெளிவு. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தன. செயலி நடு எழுத்தை 'என்' என்று எடுத்து, சிரியாவின் அந்தியோக்கியா என்று சொல்லியிருந்தது. எனக்கு அது 'எல்' மாதிரித் தெரிந்தது. அப்படியென்றால் நகரம் எகிப்தின் அலெக்சாந்திரியா. "காசை யன்னலடியில் வைத்து, வெளிச்சம் இடப்பக்கமிருந்து படும்படி இன்னொரு படம் எடு" என்று பதில் எழுதினேன். புதிய படம் வந்தபோது 'எல்' எழுத்தின் கால் மெல்லிய நிழலோடு எழும்பி நின்றது. சந்தேகமே இல்லை, அலெக்சாந்திரியாதான். அடுப்பில் பருப்பு கருகிய மணம் அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

தர்சினி உடனே அழைத்தாள். "மிஸ், இதுகளை எல்லாம் எழுதித் தாங்கோவன். இஞ்சை புதுசா வந்த பிள்ளையளுக்கு அந்தக் கனகராயன்குளத்துக் கதையும் தெரியாது" என்றாள். அந்தக் கதையில் நான் செய்த பிழையும் இருக்கிறது. அதனால்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

உரோமரோடு எனக்கு உறவு வந்தது தற்செயலாக. யாழ்ப்பாணத்திலிருந்து அரசு கொடுத்த குளத்துக் காணிக்கு வந்து, வன்னியில் கண்டாவளைப் பக்கம் நெல் விதைத்த குடும்பம் எங்களுடையது. நான் உயர்தரம் படித்தபோது பாடசாலையில் புவியியலுக்கு ஆசிரியர் இல்லை. பக்கத்துத் தேவாலயத்துப் பங்குத்தந்தை, கிரேக்க உரோம நாகரிகம் என்ற பாடத்தைத் தான் படிப்பிப்பதாகச் சொன்னார். மூன்று பேர் சேர்ந்தோம். கடைசி வரைக்கும் நின்றது நான் ஒருத்திதான். பல்கலைக்கழகம் போய் அதையே சிறப்புப் பாடமாக எடுத்து, லத்தீனும் படித்தேன்.

லத்தீன் வகுப்பின் முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஆங்கிலத்தில் படித்து வந்த மாணவர்கள், வினை ஏன் வசனத்தின் கடைசியில் வருகிறது, சொல்லின் வால் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று திண்டாடினார்கள். எனக்கோ வீட்டுக்கு வந்தது போல இருந்தது. வேற்றுமை நமக்கு எட்டு, அவர்களுக்கு ஆறு. வினையைக் கடைசிக்கு வைப்பது நாங்கள் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. ஒரு நெல் விவசாயியின் மகள் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இரண்டாம் வருடத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். உரோமர் தங்களுக்குள் அடிபட்ட போர் முடிந்ததும், வென்ற தலைவர்கள் தங்கள் படைவீரருக்குக் காணி கொடுப்பதற்காக விவசாயிகளின் வயல்களைப் பறித்தார்கள். அந்தக் காலத்துக் கவிதைகளில், உழுத வயலை விட்டுப் போகிறவர்களின் குரல் கேட்கும். அதைப் பற்றித்தான் கட்டுரை. எழுதும்போது நான் அழுதேன். வகுப்பில் மிகக் கூடிய புள்ளி அதற்குத்தான் கிடைத்தது.

பிறகு வந்தது எல்லோருக்கும் வந்ததுதான். தொண்ணூறுகளின் இடப்பெயர்வில் என் லத்தீன் அகராதி போனது. வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது உருபுகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற பெண்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருடம் தொல்பொருள் அலுவலகத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது.

உரோமக் காசுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். மன்னாருக்குக் கிட்ட இருந்த மாந்தைத் துறைமுகத்துக்கு மேற்கிலிருந்து வணிகரின் கப்பல்கள் வந்தன. அவர்கள் கையில் புழங்கிய சின்னச் செப்புக் காசுகளும் வந்து, இந்தத் தீவுக்குள் எங்கும் பரவின. உள்ளூரிலும் அவற்றைப் பார்த்துப் போலிகள் அடித்தார்கள். போலியை எழுத்தில் கண்டுபிடிக்கலாம். அதை அடித்தவனுக்கு லத்தீன் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் வைத்திருப்பான். எங்கள் அலுவலகத்தில் கோட்டையும் எழுத்தையும் பிரித்துச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிவஞானம் சேர். மெலிந்த, நெடிய மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குழிக்குள் இறங்கும் முன் செருப்பைக் கழற்றி வெளியே சோடியாக வைப்பார். மண்ணின் இறுக்கம் உள்ளங்காலுக்குத்தான் தெரியும் என்பார். அலுவலகத்தில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். களக் குறிப்புப் புத்தகத்தின் இடப்பக்கம் கண்டதற்கு. வலப்பக்கம் நினைத்ததற்கு. இடப்பக்கத்தில் 'இருக்கலாம்', 'போலும்' என்ற சொற்கள் வந்தால் ஒன்றும் பேசாமல் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவார்.

முதன்முதலாக ஒரு காசை அவரிடம் கொண்டு ஓடி, "சேர், இது உரோமக் காசு" என்று நான் சொன்னதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிறுத்தனீங்களோ பிள்ளை?"

"இல்லை சேர்."

"முதல் நிறுங்கோ. பிறகு கதைப்பம்."

அந்த ஒழுங்கு என் கையில் இன்னும் இருக்கிறது. காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போட வேண்டும். ஊறிய மண்ணை மூங்கில் சிம்பினால் ஓரத்திலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். எலுமிச்சையும் பழப்புளியும் கிட்ட வரக்கூடாது. அவை ஊத்தையோடு எழுத்தையும் தின்றுவிடும். பிறகு நிறை, விட்டம். பிறகு அரசனின் தலை நேராக நிற்கப் பிடித்து, மேலிருந்து கீழாகப் புரட்டி, மறுபக்கப் படம் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்று மணிக்கூட்டு முள்ளைப் போலக் குறிக்க வேண்டும். எழுத்தை வாசிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் கிழக்கு யன்னலில் வெளிச்சம் சரிந்து விழும். அந்த ஒரு மணித்தியாலத்தில் உருப்பெருக்கும் வில்லையைக் கண்ணில் வைத்துக் காசை மயிரளவு மயிரளவாகத் திருப்பினால், வெறும் பச்சைக் களிம்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு எழுத்து எழும்பும். அடுத்தது எழும்பும். 'டி', 'என்'. டொமினுஸ் நோஸ்ட்டர், எங்கள் ஆண்டவர். அதற்குப் பின்னால் ஒரு பேரரசனின் பெயர். ஆயிரத்து அறுநூறு வருடமாக யாரும் வாசிக்காத ஒன்றை வவுனியாவில் ஒரு மரக்கதிரையில் இருந்து நான் வாசிப்பேன். அந்த நேரத்தில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும்.

இனிக் கனகராயன்குளம்.

போர் முடிந்து சனங்கள் திரும்பிவந்து சில வருடங்கள். கனகராயன்குளத்தின் உள்பக்கம் இராமையா என்ற விவசாயி கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கு நடந்த கலவரத்துக்குப் பயந்து தாய் தகப்பனோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தபோது சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு எத்தனை தரம் இடம்பெயர்ந்தார் என்று கேட்டபோது, விரல் மடித்து எண்ணிப் பாதியில் விட்டுவிட்டார். இருந்த காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது அதற்கு முந்தைய வருடம்தான். மாரி தொடங்க முன் கிணற்றைக் கட்டி முடித்து, கச்சான் கடலையும் மிளகாயும் போட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

இடுப்பளவு ஆழத்தில் அலவாங்கின் இரும்பு முனை ஒரு மண்முட்டியில் பட்டது. முட்டி நிறையப் பச்சை பிடித்த சின்னக் காசுகள், கட்டியாக ஒட்டிக்கொண்டு. அவருடைய மனைவி பார்வதி, "மண்ணைப் போட்டு மூடுங்க, வேற எடத்துல வெட்டுவோம்" என்று சொல்லியிருக்கிறா. இராமையா கேட்கவில்லை. "நம்ம பொருள் இல்ல, நாம வச்சிருக்கக் கூடாது" என்று கிராம அலுவலரிடம் போய்ச் சொன்னார். கிராம அலுவலர் எங்களுக்குச் சொன்னார்.

நான் போனபோது முட்டியைச் சாக்கால் போர்த்தி நிழலில் வைத்திருந்தார்கள். ஒரு காசை மட்டும் பார்வதி குத்துவிளக்குத் துலக்குவது போலப் பழப்புளி போட்டுத் துலக்கியிருந்தா. அது பளபளவென்று, ஒரு எழுத்தும் இல்லாமல் இருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. அலுவலகத்துக்குக் கொண்டு வந்து முதல் கட்டியைப் பிரித்த காலையில் எனக்குப் பசியே எடுக்கவில்லை. முதல் காசு நல்ல உரோமக் காசு. இரண்டாவது நல்லது. மூன்றாவதில் எழுத்துக்குப் பதிலாகக் கோடும் புள்ளியும். நாலாவதும் அப்படி. ஐந்தாவதும். நல்லவையும் போலிகளும் ஒரே முட்டியில் கலந்து கிடந்தன.

சிவஞானம் சேர் அப்போது மகளின் கலியாணத்துக்காக ஒரு வார விடுமுறையில் இருந்தார். என்னைத் தடுக்க ஆள் இல்லை. போலிகள் இருக்கின்றன என்றால் அவற்றை இங்கேயே யாரோ அடித்திருக்கிறார்கள், அப்படியென்றால் பட்டறை, பட்டறை என்றால் ஊர், ஊர் என்றால் வணிகர் வந்து தங்கிய இடம். வன்னிக் காட்டுக்குள் உரோம வணிகம் நடந்த ஒரு பட்டினம். அதைக் கண்டுபிடித்தவள் நான். உடனே எழுதினேன். 'நாணயப் பட்டறையும் குடியிருப்பும் இருந்த இடம்' என்று, புத்தகத்தின் இடப்பக்கத்தில். எழுதியதோடு நிற்கவில்லை. அதையே தட்டச்சுச் செய்து தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பதில் அடுத்த நாளே வந்தது. மிகவும் பாராட்டியிருந்தார்கள். இடத்தைப் பாதுகாக்க வேண்டும், அகழ்வு தொடங்கும் வரைக்கும் சுற்றிவரத் தோண்டவோ உழவோ கூடாது, நில அளவையாளர் வருவார் என்று இருந்தது. பாராட்டை மூன்று தரம் வாசித்தேன். மிச்சத்தை ஒரு தரம்தான் வாசித்தேன்.

மூன்றாம் நாள் நானும் நில அளவையாளரோடு ஜீப்பில் போனேன். தலைப்பில் சிவப்புப் பூசிய கட்டைகளை ஒவ்வொன்றாக அறைந்துகொண்டு போனார்கள். இராமையாவின் காணி முழுவதும் உள்ளே போனது. பக்கத்தில் இன்னும் ஐந்து குடும்பங்களின் காணிகளும் போயின. யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு கட்டையாக இறங்குவதை வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராமையா என்னிடம் வந்தார்.

"மிஸ், எவ்வளவு நாளைக்குங்க இது?"

"அகழ்வு முடியும் வரைக்கும்."

"அது எவ்வளவு நாளுங்க?"

எனக்குத் தெரியாது. சில இடங்களில் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

"கெணறு பாதியில கெடக்கு மிஸ். மழ வந்தா இடிஞ்சு உழுந்துரும். இப்பதான் பெர்மிட் கைல கெடச்சிச்சு." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எங்கேயோ பதிய வேண்டிய ஒரு விவரத்தைத் தருவது போலச் சொன்னார்.

பார்வதி எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா. தந்துவிட்டு, "நாங்க சொல்லாம வுட்டிருந்தா கெணறு இந்நேரம் தண்ணி கண்டிருக்கும்" என்றா.

திரும்பி வரும்போது ஏ9 வீதியில் ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. என் இரண்டாம் வருடக் கட்டுரை எனக்கு நினைவு வந்தது. உரோம விவசாயியின் வயலில் அளவுகோலோடு வந்து நின்ற உத்தியோகத்தரைப் பற்றி அதில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன், மிகவும் கடுமையான சொற்களில். அந்த உத்தியோகத்தர் படித்தவராக இருந்திருப்பார் என்றோ, தான் நல்ல காரியம் செய்கிறேன் என்று நம்பியிருப்பார் என்றோ அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை சிவஞானம் சேர் வந்தார். கலியாணப் பலகாரப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். நின்றபடியே வாசித்தார். பிறகு அந்த வரியில் விரலை வைத்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதை எங்கை கண்டனீங்கள்?"

"போலிக் காசு இருக்குது, சேர்..."

"அது காசு. பட்டறையை எங்கை கண்டனீங்கள்? உலை? சாம்பல்? வார்ப்பு மிச்சம்?"

"காணேல்லை."

"குடியிருப்பை?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் பென்சிலை எடுத்துக் கோடு போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். அந்தக் கோட்டை அவர் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்கடை எண்ணம் சரியாயும் இருக்கலாம்," என்றார். "பிழையாயும் இருக்கலாம். மண்ணைத்தான் கேக்கவேணும். எத்தினை குழி வேணும்?"

"ஆறு, சேர்."

"நாளைக்குத் தொடங்குவம். மழைக்கு முதல் முடியவேணும்."

அந்தப் பத்து நாட்களைப் போல ஒரு காலம் என் வேலைவாழ்வில் வேறு இல்லை. ஒவ்வொரு காணியிலும் ஒரு மீற்றர் சதுரத்தில் ஒரு குழி, அடியில் கிறவல் கல்படை தட்டும் வரைக்கும். கைக்கரண்டியால் படை படையாகச் சுரண்டி, எல்லா மண்ணையும் அரிதட்டில் அரித்தோம். குழிவெட்டுக்கு இராமையாவும் பக்கத்துக் காணிக்காரரும்தான் வந்தார்கள். தங்கள் காணி போகுமா நிற்குமா என்பதைத் தங்கள் கையாலேயே தோண்டிப் பார்த்தார்கள். அரிதட்டில் ஒரு கல் உருண்டாலும் எல்லோருடைய கையும் ஒரு கணம் நிற்கும்.

என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு குழிகளிலும் எதாவது வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். கேட்கவே வெட்கமான ஆசை. பக்கத்தில் வியர்வையில் நனைந்து நிற்கிற மனிதரின் காணி அதில் தங்கியிருக்கிறது என்று தெரிந்தும், ஒரு செங்கல் துண்டுக்காக, ஒரு பிடி சாம்பலுக்காக என் கண் அலைந்தது. மூன்றாவது குழியில் பார்வதி அரிதட்டைப் பிடித்தா. மண் விழ விழ அவவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. யாரிடம் என்ன கேட்டாவோ தெரியாது. அதற்குப் பிறகு என் ஆசை எந்தப் பக்கம் நின்றது என்று எனக்கே விளங்கவில்லை.

முதல் நாலு குழிகளும் வெறும் செம்மண். ஐந்தாவது குழி, கிணற்றுக்கு மிகக் கிட்ட. மேல்படையிலேயே ஓடு ஒன்று வந்தது. உள்ளங்கையில் பாதியளவு, விளிம்போடு கூடிய மட்பாண்டத் துண்டு. இராமையாவின் முகம் வெளுத்துப்போனது. சேர் குந்தியிருந்து அதைப் பார்த்தார். தொடவில்லை.

"எந்தப் படையிலை வந்தது?"

"மேலை, சேர். நாலு விரற்கடை."

"அடியிலையிருந்து வந்த மண் நிறமோ, மேல்மண் நிறமோ?"

பார்த்தேன். அது கிணற்றிலிருந்து வெட்டி வெளியே எறிந்த மண். எனக்கு ஒரு எண்ணம் பளிச்சென்று வந்தது; ஆனால் வாயைத் திறக்கவில்லை. துண்டைப் பஞ்சில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தேன். காசு வந்த முட்டியின் வாயில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. துண்டை அதில் வைத்தேன். பல்லுக்குப் பல் பொருந்தி, கோடு தெரியாமல் உட்கார்ந்தது. அலவாங்கு பட்டபோது தெறித்து மண்ணோடு வெளியே போன துண்டு அது. ஆறு குடும்பங்களின் காணியிலும் பழைய ஓடு என்று இருந்தது அந்த ஒரு முட்டியினுடையது மட்டும். ஆறாவது குழியிலும் ஒன்றும் வரவில்லை.

அந்த வாரமே கட்டியின் உள்பக்கக் காசுகளைப் பிரித்தேன். களிம்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகள். வில்லையில் பார்த்தால் நெசவு. துணி மக்கிப் போய் அதன் அச்சு மட்டும் செம்பில் நின்றது. யாரோ ஒருவர் தன்னிடம் இருந்த காசையெல்லாம், நல்லதும் போலியும் பாராமல் துணியில் முடிந்து, முட்டியில் வைத்து, ஆளில்லாத காட்டில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து எடுக்கத்தான் புதைத்திருப்பார். வரவில்லை. பட்டினமும் இல்லை, பட்டறையும் இல்லை. பயணத்தில் இருந்த ஒரு ஆள். கடைசி இரண்டு வசனங்களையும் வலப்பக்கத்தில் எழுதினேன். துணியின் அச்சை இடப்பக்கத்தில் எழுதினேன்.

பட்டினம் போய்விட்டதே என்று நான் கவலைப்படவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். அந்த நெசவைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம், முதல் நாள் வந்ததை விடப் பெரியது. முதல் நாள் நான் கண்டது என் எண்ணத்தை. இது உண்மையிலேயே அங்கே இருந்தது.

பிறகு தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருந்தது. நான் முன்பு அனுப்பிய குறிப்பு ஆதாரம் இல்லாமல் எழுதப்பட்டது, பிழை என்னுடையது, கட்டைகளை அகற்ற வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். சேரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒப்பமிட்டார்.

"நீங்கள் அந்த வாரம் இல்லைத்தானே, சேர்" என்றேன்.

"அலுவலகம் என்ரை பொறுப்பிலைதானே இருந்தது" என்று சொல்லிவிட்டுப் பலகாரப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். பயித்தம் பணியாரம் இரண்டு வாரப் பழசு. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கடுமையாகப் பேசினார். "நீங்கள்தானே எழுதினது, இப்ப நீங்கள்தானே இல்லை எண்டு சொல்லுறியள்?" என்றார். "ஓம்" என்றேன். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அடுத்து வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு வரப் பல வருடம் ஆனது. அது நியாயம்தான். ஆனால் கட்டைகளைப் பிடுங்கச் சொல்லிக் கட்டளை வந்தது, முதல் மழைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்து இராமையாவின் கிணற்றை வெட்டி, அடிவரைக்கும் சீமெந்து வளையம் இறக்கிக் கட்டி முடித்தார்கள்.

தண்ணீர் கண்டு சில மாதங்களின் பின், இராமையாவும் பார்வதியும் வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய அவித்த கச்சான். காசுகளைப் பார்க்கலாமா என்று இராமையா கேட்டார். முட்டி வந்த நாளிலிருந்து அவை என்னவென்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதிரை போட்டு இருத்தினேன். வில்லையைக் கண்ணில் வைக்கும் விதத்தைச் சொல்லி, மிகவும் தெளிவாக இருந்த ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

முன்பக்கத்தில் இருந்த தலையையும் சுற்றியிருந்த எழுத்தையும் லத்தீனில் வாசித்துக் காட்டினேன். பார்வதி சிரித்தா. பிறகு மறுபக்கம் திருப்பினேன். அரசன் ஒரு கையில் கொடியோடு நடக்கிறான். மற்றக் கையால் தோற்றவன் ஒருவனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். "சுத்திவர எழுதியிருக்கிறது, குளோரியா ரோமனோரும். உரோமரின் மகிமை" என்றேன்.

இராமையா நெடுநேரம் பார்த்தார். வில்லையை எடுக்கவே இல்லை.

"ராசா பேரு அந்தப் பக்கம் இருக்குங்களா?"

"ஓம்."

"இந்த இழுபட்டுப் போறவரு பேரு எங்கங்க எழுதியிருக்கு?"

"எழுதேல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். பார்வதியிடம் வில்லையைக் கொடுத்தார். அவவும் பார்த்தா. பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார்கள்.

அந்தக் காசு வகையை அதற்குமுன் நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். அரசனின் முடியை, கொடியை, கோட்டுக்குக் கீழுள்ள நகரத்தை எல்லாம் எழுதியிருக்கிறேன். இழுபடுகிறவனுக்கு என் பதிவுகளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: கைதி. அவர்கள் போனதும் அந்த முட்டியில் இருந்த அதே வகைக் காசுகள் பதினேழையும் தட்டில் வரிசையாக வைத்தேன். அவனை மட்டும் பார்த்தேன். ஒன்றில் அவன் முழங்காலில் நின்றான். ஒன்றில் கை பின்னால் கட்டியிருந்தது. ஒன்றில் கால் நிலத்தில் படவில்லை. பதினோராவது காசில் ஓரம் தேய்ந்து அரசனின் தலையும் எழுத்துகளும் மறைந்திருந்தன. இழுபடுகிறவன் மட்டும் முழுதாக இருந்தான். முகத்தைத் திருப்பி, தன்னை இழுக்கிறவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண் இருந்த இடத்தில் அச்சு வெட்டியவன் ஒரு புள்ளி வைத்திருந்தான். நான் கதிரையை விட்டு எழும்பி, நின்றபடியே அதைப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் எழுதினேன்.